வெள்ளிக்கிழமை வெட்டிய துண்டு

செண்பகவல்லி மேடம் இறந்த செய்தி வந்தபோது, நான் அந்தமானில் சாத்தம் படகுத்துறையில் ஒரு செருப்பைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வேலை முடிந்து பாம்பூஃபிளாட் படகைப் பிடிக்க ஓடியதில் வார் அறுந்துவிட்டது. "ருகோ பாய், ருகோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், "சப்பல் சோடோ சாச்சா, தும் ஆவோ!" என்றார். செருப்பை விடு, நீ வா என்கிறார். படகே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் மகள் போன் செய்தாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க? மேடம் போயிட்டாங்கப்பா."

படகு போய்விட்டது. நான் போகவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் எங்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஊர் கோவில்பட்டிப் பக்கம். நான் அவர்களுடைய ஆய்வகத்தில் உதவியாளர். அதாவது, அவர்கள் அழுக்காக்கியதைக் கழுவுகிறவன். பத்தாவதில் இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன். அந்த அறிவியல் மதிப்பெண்ணை, மேடத்திடமே வேதியியல் படித்த என் மகளிடம் இன்றுவரை காட்டியதில்லை.

எண்ணெயிலிருந்து ரப்பர் போன்ற ஒரு பூச்சைச் செய்ய வேண்டும், அது கிழிந்தால் தானாகவே கூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் மேடத்தின் ஆசை. இங்கே டிங்கிப் படகுகள் பவளப்பாறையில் உரசிப் பூச்சு கிழிந்து, உப்புத் தண்ணீர் குடித்துக் கெட்டுப்போகின்றன. இதை மேடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். "மரத்துல வர்றத எண்ணெய்ல எடுக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே சிப்பிகாட்டில் இருக்கும் மச்சானிடமிருந்து ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெயோடு வந்து நின்றேன்.

"மாரியண்ணே, இது தலைக்கும் கொழம்புக்கும் ஆகும். இதுல ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட கை கம்மி. புன்னை எண்ணெய்க்குக் கை நிறைய இருக்கு."

அதன்பிறகு பல ஞாயிறுகளில் கடற்கரையில் புன்னைக்கொட்டை பொறுக்கினோம். என் சாக்கைவிட அவர்கள் சாக்குதான் முதலில் நிறையும். "நீங்க பொறுக்க வந்தீங்களா, கப்பல் பாக்க வந்தீங்களா?" என்று கேட்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் நிறத்தில் மெல்லிய துண்டு ஒன்றை பிளேடால் இரண்டாக வெட்டி, வெட்டு வாய்களைச் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். ஜன்னல் வெயிலில் அது இரண்டு நாள் இருக்க வேண்டும். "போகும்போது தட்ட மூடிருங்கண்ணே. மறந்துராதீங்க."

படகுக்கு ஓடினேன். மறந்தேன்.

திங்கட்கிழமை முதலில் கதவைத் திறந்தவன் நான். தட்டில் எலி மென்றது போக ஒரு நகக்கண் அளவுதான் மிச்சம். நான் அப்போது தற்காலிக ஊழியன். மகள் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று பயந்தேன். மேசை இழுப்பறையில் அதே தடவை காய்ச்சி எடுத்த வெட்டாத துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, இந்த முறை ஒழுங்காக மூடினேன்.

மேடம் வந்து இரண்டு கையாலும் அதை இழுத்துப் பார்த்தார்கள். அறுந்துபோகவில்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

"அண்ணே, எங்க வெட்டுனேன்னு சொல்லுங்க பாப்போம்!"

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நடுவில் ஓரிடத்தைத் தொட்டு, "இங்கதானே மேடம்?" என்றேன். நடிப்பிலாவது முதல் முயற்சியில் தேறிவிட்டேன்.

அடுத்த ஓராண்டு முழுவதும் அவர்கள் அந்த ஒரு திங்கட்கிழமையைத் தேடினார்கள். ஒவ்வொரு வெள்ளியும் வெட்டினார்கள். ஒவ்வொரு திங்களும் அது கையோடு பிரிந்து வந்தது. சூட்டை மாற்றினார்கள், அமிலத்தை மாற்றினார்கள். "அன்னைக்கு வந்துச்சே அண்ணே, நாமதானே பாத்தோம்?" என்பார்கள். நான் குடுவையைக் கழுவுவேன். கழுவிய குடுவையை மறுபடியும் கழுவுவேன். கோடை விடுமுறைக்கு ஊரில் அம்மா காத்திருந்தும் அவர்கள் போகவில்லை. அந்தக் கப்பல் டிக்கெட்டை ரத்து செய்து வந்தவன் நான்தான்.

மறு வருடம், மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, உண்மையாகவே ஒட்டியது. இழுத்தோம், பிரியவில்லை. நடுவில் மட்டும் மயிரிழை போல ஒரு வெளுத்த கோடு. மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்கள்.

"தழும்பு இருக்கு பாத்தீங்களா? மொத தடவ தழும்பே இல்ல. வெட்டுப்பட்டதுன்னா இப்படித்தாண்ணே இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார்கள். "உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுமா?"

"டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்?"

"வாங்கிட்டு வாங்க," என்றார்கள்.

சில நாள் கழித்து அந்தத் துண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். "இது உங்களுக்கு. மூடியே வைங்க. எலி இருக்கு."

எலியைப் பற்றி நான் அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. டப்பாவோடு அப்படியே நின்றேன். அவர்கள் அடுத்த துண்டை வெட்டப் போய்விட்டார்கள். அதன்பிறகும் என்னிடம் ஒரு சுடுசொல் கிடையாது. என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் எழுதியதும், என் மகளுக்கு வேதியியலில் இடம் கேட்டு அலைந்ததும் அவர்கள்தான். பூச்சை ஒரு டிங்கியின் அடியில் பூசிக் கடலில் விட்டுப் பார்க்குமுன் நோய் வந்துவிட்டது.

மரைன் ஹில் குடியிருப்பில் அவர்களைக் கிடத்தியிருந்தார்கள். ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக அவர்களுடைய தம்பி வந்திருந்தார். பெட்டியை மூடுமுன் அவர், "அக்காகூட வேலை பாத்தவங்க யாராச்சும் ஏதாச்சும் சொல்றதுன்னா சொல்லுங்க," என்றார். என் மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்கதான் சொல்லணும்."

முன்னால் போனேன். சட்டைப்பையில் டப்பா இருந்தது. அதைத் திறந்து, கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, "மேடம் ரொம்ப நல்லவங்க," என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டதென்று நினைத்து எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள்.

தொண்டைக்குள் நின்றது இதுதான்: "மேடம், அந்த மொதத் துண்டு வெட்டாதது. நாந்தான் மாத்தி வச்சேன்."