இரண்டாவது மாடியில் ஒரு 'டுக்'

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் வைத்திருக்கும் பெயர் 'இன்னும்கொஞ்சம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. எதைச் செய்து முடித்தாலும் இடுப்பில் கையை வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம்..." என்று இழுப்பார். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் அந்தப் பொருளின் ஆயுசு அன்றோடு சரி.

மனுஷன் வேலை பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக்காக. அந்த வேலையில் ஒரு திருகாணியைக்கூட இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. கம்பெனி கொடுத்த பாகம் தேய்ந்தால், அதே பாகத்தைப் புதிதாக வாங்கி அதே இடத்தில் மாட்டவேண்டும். அவ்வளவுதான். பகல் முழுக்கக் கட்டிப்போட்ட கை வீட்டு வாசலைத் தாண்டியதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகிவிடும்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது என் நாத்தனார் மகனுடைய பிறந்தநாளில். பரிசாக ஒரு பெட்டி வாங்கினோம். ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள், பல் சக்கரங்கள், குட்டி மோட்டார், பேட்டரிப் பெட்டி எல்லாம் உள்ளே இருந்தன. பொருத்தி முடித்தால் ஓடுகிற கிரேன் வண்டி கிடைக்கும்.

"கட்டை ஏதாவது குறையுதான்னு ஒரு தடவை பாத்துடறேன். குழந்தை ஏமாந்துடக் கூடாதுல்ல?" என்றார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே பொருத்தினார். பொருத்தி முடித்ததும் இடுப்பில் கை போயிற்று. "கம்பெனிக்காரன் கஞ்சப்பட்டிருக்கான். தூக்கறதுக்கும் ஓடறதுக்கும் ஒரே மோட்டார்!" என்று இன்னொரு மோட்டார் வாங்கிவந்தார். மோட்டார் கூடினதும் எடை கூடியது. எடை கூடினதும் அச்சு வளைந்தது. அச்சை இரட்டித்ததும் மோட்டார் திணறியது. திணறிய மோட்டாருக்கு மூன்றாவதாக ஒன்று துணைக்கு வந்தது. பிறந்தநாளுக்கு நாங்கள் ஒரு சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாத்தனார் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அதற்கப்புறம் எத்தனை வண்டிகள்! ஒரு பந்தயக் கார் வேகம் போதவில்லை என்று பல் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டார். பெரியது சின்னதைச் சுழற்றவேண்டுமாம். சுழற்றியது. கூடத்தில் விட்ட கார் பால்கனிக் கம்பிக்கு நடுவே புகுந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, "உங்க வண்டி எங்க வீட்டுத் துணி வாளிக்குள்ள பார்க் பண்ணியிருக்கு, வந்து எடுத்துக்கறீங்களா?" என்றார்.

வேகம் வேண்டாம் என்று அடுத்த டிராக்டருக்கு இழுவிசையைக் கூட்டினார். என் மாமியாரைச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலிக்கும் டிராக்டருக்கும் கயிறு கட்டிவிட்டார். உள்ளங்கை அளவு வண்டி அந்த அம்மாளை நிஜமாகவே இழுத்தது. நான் வெங்காயம் உரித்து, நறுக்கி, வதக்கி முடிக்கும்போது அத்தை கூடத்திலிருந்து சமையலறை வாசலுக்கு வந்துசேர்ந்திருந்தார்.

"இதுவரைக்கும் நான் போன வண்டியிலயே இதுலதான் குமட்டலை" என்று மகனுக்குச் சான்றிதழும் கொடுத்தார்.

இப்படித் தாயும் பிள்ளையுமாக இருந்தால் நடுவில் நான் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு, தரையில் கிடக்கும் கட்டைகளை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் போன மழைக்காலத்தில் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் ஏணியில் இறங்கும்போது இவருக்கு முட்டி மடங்கி, ஒற்றைக் கையில் தொங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மூச்சு விடவில்லை. கூட வேலை பார்க்கிறவர் போனில் விசாரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பகலில் போன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். அந்த முட்டியோடு இவர் இன்னும் எத்தனை குழிக்குள் இறங்கி ஏறுவது?

அப்போதுதான் கம்பெனியின் பயிற்சி அறையில் ஓர் இடம் காலியானது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலை. உட்கார நாற்காலி உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு. முக்கியமாக, குழி கிடையாது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் இவர். இன்னொருவர் அலுவலகத்தில் எல்லோரும் 'மைக்' என்று கூப்பிடும் ஆள். பெயரே சொல்லிவிடும், வாயைத் திறந்தால் மூட மாட்டார். லிஃப்ட் எப்படிப் பாதுகாப்பாக ஓடுகிறது என்று இருவரும் மேலாளர் முன்னாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னாலும் விளக்கவேண்டும். யார் விளக்கம் புரிகிறதோ அவருக்கு வேலை.

"அவன் கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டுவான். வாய் வேற அவனுக்கு. நான் எங்கே?" என்று சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வாய் எதுக்குங்க? கை இருக்குல்ல? கட்டையில ஒரு லிஃப்ட் கட்டுங்க" என்றேன். சொன்ன வாய் என் வாய்தான். அதற்கு அப்புறம் பட்டதெல்லாம் அதற்காகத்தான்.

கட்டினார். இடுப்பு உயரத்துக்கு மூன்று மாடி. நடுவே கண்ணாடிக் கட்டையில் ஒரு கூண்டு. கூண்டுக்கு எதிர் எடையாக இன்னொரு பக்கம் இரும்பு நட்டுகள் நிரப்பிய பெட்டி. உச்சியில் மோட்டார். பொத்தானை அமுக்கினால் கூண்டு மாடிக்கு மாடி நின்று, கதவைத் திறந்து, மூடி, மேலே போகும். கயிறு அறுந்தால் கூண்டின் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் இழுத்து, இரண்டு கொக்கிகள் வெளியே நீண்டு, சுவரிலுள்ள பல் வரிசையைக் கவ்விக்கொள்ளும். பொய் சொல்லக் கூடாது, அவர் கட்டியதிலேயே இதுதான் முதல் தடவையிலேயே சொன்னபடி கேட்ட பொருள்.

அத்தைக்கு ஒரே குஷி. தன் மாத்திரை டப்பாவைக் கூண்டில் வைத்து, காலையில் மூன்றாவது மாடிக்கு அனுப்பி, அங்கேயிருந்து எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். "பாரு, மாத்திரைக்குக்கூட மூச்சு வாங்கலை" என்பார்.

எல்லாம் சரி, இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மட்டும் 'டுக்' என்று ஒரு சத்தம் வந்தது. கூண்டு நிற்கவில்லை, ஆடவில்லை. வெறும் 'டுக்'. ஆனால் என் வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. கை மெல்ல இடுப்புக்குப் போனது.

"உனக்குக் கேட்டுதா?"

"எது?"

"ரெண்டாவது மாடியில. டுக்குன்னு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றேன். பச்சைப் பொய்.

"அம்மா, உனக்கு?"

"எனக்குத்தான் காது மந்தமாச்சேடா" என்றார் அத்தை. கீழ்வீட்டில் புருஷன் பெண்டாட்டி குசுகுசுத்தால் வரி பிசகாமல் என்னிடம் ஒப்பிக்கிற காது அது.

எங்கள் இருவருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது. இந்த லிஃப்டை யாரிடமிருந்தாவது காப்பாற்ற வேண்டுமென்றால் அது கட்டினவரிடமிருந்துதான். ஒரு கட்டையைப் பிரித்தால் ஒன்பதைப் பிரிப்பார். பிரித்தால் மேலாளர் முன்னால் வைப்பதற்குப் பிளாஸ்டிக் குவியல்தான் மிஞ்சும். காவல் போட்டோம். நான் சமைக்கும்போது அத்தை, அத்தை குளிக்கும்போது நான். அவர் துணியோடு வருவார். "தூசி தட்டலாம்னு..." அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டேய், கையை எடு" என்பார். கை அரிப்புக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று என் குடையைக் கொடுத்தேன். இப்போது அது நன்றாகத் திறக்கும். மூடாது.

ஒருநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன். அத்தை நாற்காலியிலேயே கண் அசந்திருக்கிறார். இவர் தரையில் மண்டிபோட்டு, முழங்கை வரை இரண்டாவது மாடிக்குள் விட்டிருக்கிறார்!

"என்ன பண்றீங்க?"

"தேடிட்டிருக்கேன்."

"எதை?"

"கண்ணாடியை."

கண்ணாடி மூக்கில் இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, ஈரத் தலையோடு கத்திவிட்டேன். "விளையாட்டா இருக்கா உங்களுக்கு? அந்தக் குழிக்குள்ள நீங்க இறங்கற ஒவ்வொரு நாளும் நான் இங்க செத்துச் செத்துப் பொழைக்கிறேன். ஒரு நாற்காலி கேக்கறேங்க. நீங்க உட்கார ஒரு நாற்காலி. அதையும் பிரிச்சுப் போட்டுடுவீங்களா?" கத்த ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது.

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொள்ளப் பார்த்து, ஒரு பைதான் இருக்கிறது என்று தெரிந்து, பின்னால் கட்டிக்கொண்டார். "சரி, தொடலை" என்றார். தொடவும் இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அந்த அறையையே சுற்றிச் சுற்றி வந்தார், அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. லிஃப்டை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியை அவர் மடியிலும் மோட்டார் இருக்கும் மேல்பாதியை என் மடியிலும் வைத்துக்கொண்டு வாடகை வண்டியில் போனோம். தூக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். பாதிகளைச் சேர்த்து, மதியம் வரை காலிக் கூண்டையே ஏற்றி இறக்கிச் சோதித்தார். கடைசி வரிசையில், மாத்திரை டப்பா இருக்கும் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். "வெறும் கூண்டா காட்டாதே, ஒரு ஆளாவது ஏறட்டும்" என்று அத்தை கொடுத்தனுப்பியிருந்தார்.

முதலில் மைக் பேசினார். படம் படமாக வந்தது. முடித்தபோது மேலாளர் தண்ணீர் குடித்தார், புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கொட்டாவியை விழுங்கினார். அடுத்து இவர். பேச்சு அதிகமில்லை. காலிக் கூண்டை மேலே ஏற்றி, மேலாளர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, "கயிறை வெட்டுங்க சார்" என்றார். வெட்டினார். கொக்கிகள் கவ்வின. கூண்டு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் எழுந்துநின்று பார்த்தார்கள். என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

புதுக் கயிறு கட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, "இப்ப ஆள் ஏறலாம்" என்று என்னிடம் கை நீட்டினார். மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். கூண்டு கிளம்பியது. ஒன்றாவது மாடி. இரண்டாவது மாடி.

டுக்.

அறை முழுக்க அமைதியாக இருந்ததால் வீட்டில் கேட்டதைவிடப் பலமாகக் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றார் மேலாளர்.

பொத்தானை விட்டு, கூண்டை அங்கேயே நிறுத்தினார் இவர். "தண்டவாளம் சேர்ற இடத்துல ஒரு நூல் அளவு மேடு சார். ஓடறதுக்கோ நிக்கறதுக்கோ ஆபத்து இல்லை."

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வீட்ல ஒரு பொருளைச் சும்மா விடமாட்டீங்களாமே?" என்று சிரித்தார் மேலாளர். "இதையும் இப்பவே இங்கேயே சரி பண்ணிக் காட்டுங்களேன். பசங்க பாக்கட்டும்."

போச்சு! இத்தனை நாள் அடக்கிய கைக்கு, மேலாளரே உத்தரவு கொடுக்கிறார். இவருடைய வலது கை எழுந்தது. இரண்டாவது மாடியின் அருகே போனது. விரல்கள் அந்த மேடு இருக்கும் கட்டையைத் தொட ஒரு நெல் அளவுதான் பாக்கி. 'வேண்டாங்க' என்று சொல்ல நான் பாதி எழுந்துவிட்டேன்.

கை அங்கேயே நின்றது.

"மன்னிச்சுக்கங்க சார். உள்ள ஆள் இருக்கும்போது நான் லிஃப்ட்ல கை வைக்க மாட்டேன்" என்றார்.

எல்லோரும் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை டப்பா சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. யாரோ குபீரென்று சிரிக்க, அறையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கூண்டைத் தரைக்கு இறக்கி, கதவைத் திறந்து, டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். பேட்டரியை அணைத்தார். "இப்ப பிரிக்கலாம். ஆனா பிரிச்சா, முழுசாச் சோதிக்காம திரும்ப ஆள் ஏத்த மாட்டேன். அதுக்கு அரை நாள் ஆகும். உக்காந்திருக்கீங்களா சார்?"

மேலாளர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். புதியவர்கள் பக்கம் திரும்பி, "அவர் இப்ப சொன்னது கேட்டுதா?" என்றார். பிறகு இவரிடம், "அடுத்த மாசத்துலேர்ந்து இந்த ரூமுக்கு வந்துடுங்க" என்றார். இத்தனை வருஷம் இந்த மனுஷன் வேலைக்குப் போய் என்ன செய்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி வரிசையில் வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பாதிகளையும் சேர்த்து, பழைய இடத்திலேயே நிறுத்தினோம். அத்தை விஷயத்தைக் கேட்டு, மகன் கன்னத்தைக் கிள்ளி, மாத்திரை டப்பாவுக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொடவில்லை. தொடமாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கை நாற்காலி கிடைத்த பிறகும் காப்பாற்றுகிறாராம். பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் போய்ப் பொத்தானை அமுக்கினேன். கூண்டு ஏறியது. டுக்.

"ஏங்க, ரெண்டாவது மாடியில ஏதோ சத்தம் வருதே?" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். "உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. முதல் நாள்லேர்ந்தே கேக்குது."

உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. "எனக்கும்தான்டா! சீக்கிரம் சரி பண்ணித் தொலை, மாத்திரை டப்பா இத்தனை நாளா அதிர்ந்துட்டே வருது!"

அதற்குள் அவர் மேல்மாடியைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டிருந்தார்.