அக்கா தின்ற அடுப்பு மண்

அன்று பகல் வீட்டில் அக்காவும் அத்தானும் நானும் மட்டுமே இருந்தோம். அம்மா சாவகச்சேரியில் சித்தியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தார். நிறைமாதத்தை நெருங்கிய அக்கா, குசினிக்குள் அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

“என்னக்கா, சோறு காணாதோ?” என்று பகிடி விட்டேன்.

“மண் வாசம் இழுக்குதடா,” என்று எழுந்தவள் தலை சுற்றி விழுந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளிறியிருந்தது.

குளக்கட்டு முனிதான் பிடித்துவிட்டது என்றார் அத்தான். அயலூர்ப் பூசாரி வந்து நூல் கட்டினார். “பிள்ளை பிறக்குமட்டும் மீன், இறைச்சி, முட்டை எண்டு மச்சம் ஒண்டும் வேண்டாம். கீரையும் குளிர், குடுக்காதேங்கோ,” என்றார். நாங்கள் அப்படியே செய்தோம். வெறும் சோறும் புளியுமாக அக்கா நாளுக்கு நாள் சோர்ந்தாள். மண் தின்பதோ கூடியது. அதைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு முனியின் பயமும் கூடியது.

ஒருநாள் அவளால் எழும்பவே முடியவில்லை. ஒட்டுசுட்டான் வரை வண்டிலில் கொண்டுபோய், பஸ் ஏற்றி ஆசுபத்திரியில் சேர்த்தோம். டாக்குத்தர் அவள் கீழிமையை இழுத்துக் காட்டினார்.

“பாருங்கோ தம்பி, சிவப்பே இல்லை. இரும்புச் சத்துக் குறைஞ்சு இரத்தம் வத்திப்போச்சு. பிரஷரும் இறங்கிட்டுது. மண் தின்னுறதும் அதாலதான். தின்ன வேண்டியதையெல்லாம் நிப்பாட்டிப்போட்டு வந்து நிக்கிறியள்.”

இப்போது எங்கள் குடியேற்றக் கிராமத்தில் எந்தக் கர்ப்பிணி தலை சுற்றுகிறது என்றாலும், முதலில் கீழிமையைப் பார்க்கச் சொல்கிறேன். முருங்கையிலையும் கருவாடும் கொடுக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்புகிறேன்.

அக்கா பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. முனிதான் எடுத்தது என்று அத்தான் இன்னும் சொல்கிறார். அந்தப் பத்தியத்துக்கு நாங்கள் கொடுத்த விலை, பெயர் வைக்காத ஒரு பெண்பிள்ளை.