மச்சாள் உருவிய பழஞ்சேலை

ஆடிப்பிறப்புக்கு முதன்முறையாக எங்கள் வீட்டில் விருந்து. ஆடி என்றால் சிட்னியில் கடுங்குளிர். ஹரிஸ் பார்க்கில் நாங்கள் இருப்பது பழைய செங்கல் வீடு. வருகிறவர்கள் நடுங்கக்கூடாதே என்று எனக்கு ஒரே பரபரப்பு. யன்னல் இடுக்குகளை ரேப் ஒட்டி அடைத்தேன். சுவரில் காற்றுப் போகிற துளைகளில் பழஞ்சேலைகளைத் திணித்தேன். சுவாமி விளக்கையும் காஸ் ஹீட்டரையும் ஏற்றிவிட்டு, சந்தோசமாகக் கூழ் காய்ச்சினேன்.

"அம்மா, தலை சுத்துது" என்று மகள் சோபாவில் சாய்ந்தாள். பசியாக்கும் என்று நினைத்தேன்.

அப்போது என் மச்சாள், கணவரின் அக்கா, வந்தார். என்னில் குறை பிடிக்காமல் ஒருநாளும் போகாதவர்.

"என்ன மச்சாள், வீட்டைப் பார்சல் கட்டி வைச்சிருக்கிறீர்?" என்று சிரித்தவர், மகளின் முகத்தைக் கண்டதும் ஓடிப்போய் ஹீட்டரை நிறுத்தினார்.

"ஐயோ, காஸ் போக வழியில்லை! பிள்ளையை வெளியில கொண்டு போம்!"

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கதவுகளைத் திறந்து, சேலைகளை உருவி எறிந்தார். குளிர்காற்றில் மகள் தெளிந்தாள். உடனே கொண்டுபோய்க் காட்ட, டொக்டரும் இனிப் பயமில்லை என்றார்.

யன்னலெல்லாம் திறந்திருக்க, ஜாக்கெட்டோடு எல்லோரும் கூழ் குடித்தோம்.

"இனிப்புக் காணாது" என்றார் மச்சாள்.

விருந்து முடிந்ததும் சுவாமிப் படத்தின் முன்னால் நின்றேன். இந்த மனுசியின் வாய் என்றைக்கும் இப்படியே இருக்கவேணும் என்று மனமுருகிக் கும்பிட்டேன்.