எண்ணெய்க் கை

என் கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோ துருவேறியிருந்தது. வடமதுரைச் சாலையில் ஒரு பட்டறையில் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். அறிவியல் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வேலை நடப்பதைப் பார்க்க தினமும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

பெயிண்டருக்கும் என் வயதுதான் இருக்கும். துருவைச் சுரண்டி, பள்ளங்களில் பட்டி பூசி, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். முதல் இரண்டு நாளும் தேய்ப்புதான். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு கதவை உள்ளங்கையால் தடவினார்.

"கண்ணை எதுக்கு மூடுறீங்க பாய்?"

"கண்ணு ஏமாந்துரும் டீச்சர். மேடு பள்ளம் கைக்குத்தான் தெரியும்."

அது உண்மைதானா என்று எனக்குப் பார்த்தாக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், பிரைமர் அடித்துத் தேய்த்த கதவைத் தின்னர் துணியால் துடைத்தார். பிறகு தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கப் போனார். அந்த இடைவெளியில் நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

ஸ்பிரே கன்னை எடுத்து மயில் பச்சையை அடிக்க ஆரம்பித்தார். கதவின் நடுவே, நான்கு விரல் அகலத்துக்கு, அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்தன. பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி விலகிப் போனது. அவர் முகம் சுருங்கியது. கன்னுக்குக் காற்றனுப்பும் கம்ப்ரசரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ வருடம் பரப்பு இழுவிசை பற்றிக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

"பாய், அதைக் கழட்டாதீங்க. நான்தான் கதவைத் தொட்டேன். தலைக்கு எண்ணெய் வச்ச கை."

நிமிர்ந்து பார்த்தார். "அம்புட்டுதானா? மிஷின்ல எண்ணெய் கசியுதோன்னு பயந்துட்டேன்."

கூச்சமாக இருந்தது. ஆனாலும் குனிந்து அந்தக் குழிகளைக் கிட்டத்தில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் சின்ன வட்டம், ஓரத்தில் மெல்லிய கரை. "நல்லாப் பாருங்க, நாளைக்கு இருக்காது" என்றார்.

மறுநாள் அந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்து மறுபடி அடித்தார். கதவில் என் முகம் தெரிந்தது. சுவரோரம் போகும் பின்பக்கத்துக்கு கன்னை என்னிடமே நீட்டினார்.

"கையை மட்டும் எங்கயும் நிப்பாட்டிராதீங்க."

நிறுத்திவிட்டேன். பெயிண்ட் ஒரு கோடாக வழிந்தது. அவர் சத்தமாகச் சிரித்தார். "பரவால்ல, அடுத்த வரி போங்க" என்றார். போனேன்.