மிளகாய் அரைத்த சாபமும் திலகசேனவின் கண்களும்

சோமலதாவைக் கண்டால் இலங்கையின் அம்பகஹவத்தைக் கிராமத்தில் பலர் காறித் துப்பினார்கள். ஊறிய தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்துப் பிழைக்கும் விதவை அவள். துப்பியது அதற்காக அல்ல. சாவு வீட்டில் வெள்ளைக் கொடி ஏறும் முன்பே, கண்தானச் சங்கத்துக்காகக் கண் கேட்டு வந்து நிற்பாள். கொடுத்தவர்களும் கொடுத்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தவள் பக்கத்து வீட்டு ரன்மெனிகே. வேலியோரப் பலாமரம் யாருடையது என்று தொடங்கிய பகை அது. ஒருநாள் மரத்தில் காய் குறைந்தது. ரன்மெனிகே நேரே கதிர்காமத் தெய்வத்தின் கோயிலுக்குப் போய், அங்கே சாபமிடுவதற்கென்றே கிடந்த கல்லில் மிளகாய் அரைத்தாள்.

"திருடினவளோட கண் அவிஞ்சு போகட்டும்!"

பாவம், சோமலதா அந்தக் காயைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் சில நாளிலேயே மட்டையிலிருந்து தெறித்த சிராய் அவள் வலக்கண்ணில் குத்தியது. புண் ஆறியபோது கருவிழி பாலாய் வெளுத்திருந்தது. இடக்கண் சிறு வயதிலிருந்தே மங்கல். சாபம் பலித்துவிட்டது என்றது ஊர். ஊருக்கெல்லாம் கண் கேட்டவள், தனக்கொரு கருவிழி வேண்டி ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ரன்மெனிகேயின் கணவன் திலகசேன இறந்தான். பௌர்ணமி நாளில் பௌத்த விகாரையில் வைத்துக் கண்தானம் செய்வதாக வாக்களித்தவன். சோமலதா தட்டுத் தடுமாறிப் படியேறினாள்.

"வந்துட்டா காக்கா!" என்று அலறினாள் ரன்மெனிகே. "என் புருஷன் உடம்பு ஆறல. அதுக்குள்ள அவர் கண்ணைப் புடுங்கி நீ மாட்டிக்கப் பாக்குறியா?"

"அக்கா, நேரம் போனா கண் வீணாப் போயிடும். யாருக்கு வைக்கணும்னு ஆஸ்பத்திரிதான் முடிவு பண்ணும்."

"அவர் புண்ணியத்தை நான் கெடுக்க மாட்டேன். ஆனா அந்தக் கண் உனக்கு வரக்கூடாது. விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணுடி!"

பிணத்தின் தலைமாட்டில் எரிந்த விளக்கைச் சோமலதா தடவித் தொட்டாள். "திலகசேன அண்ணனோட கண் எனக்கு வேண்டாம். இது சத்தியம்."

கண்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின. திலகசேனவின் முகம் உறங்குவதுபோலவே இருந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் சோமலதாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கருவிழி தயார், உடனே வரவும். மட்டைக் குவியலில் உட்கார்ந்து அவள் குமுறி அழுதாள். யாருடைய கண் என்று அங்கே சொல்ல மாட்டார்கள். தெரியாமல் வாங்கிச் சத்தியத்தை மீறிவிட்டால்?

"வேற யாருக்காவது வச்சிடுங்க ஐயா" என்று ஆஸ்பத்திரிக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

அந்தக் கருவிழி யாரோ ஒருவருக்குப் போயிற்று. செய்தி வேலியைத் தாண்டியது. பிக்குகளுக்கு உணவிடும் ஏழாம் நாள் தானத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த ரன்மெனிகே ஒரு கையில் அகப்பையும் மறுகையில் பாற்சோற்றுத் தட்டுமாக வேலியோரம் பாய்ந்து வந்தாள்.

"ஏய் கிறுக்கி! கண்ணை வேண்டாம்னு சொன்னியாமே?"

"உங்களுக்குத்தானே சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

ரன்மெனிகேயின் வாய் கோணியது. அழுகையை விழுங்க அவள் பட்ட பாட்டை எதிரே நின்றவளால் பார்க்க முடியவில்லை.

"அந்தச் சத்தியம் செல்லாது போ! சாவு வீட்டுல புத்தி கெட்டுக் கேட்டேன். நாளைக்கே போய்த் திரும்பப் பேரைக் குடு. குருடியோட சண்டை போடுறவள்னு ஊர் என்னைப் பாத்துச் சிரிக்குது."

"அப்ப பலாமரம்?"

"அது என்னுது! கண்ணு தெரிஞ்சதும் வா, வேரைக் காட்டுறேன்!"

வேலிக் கம்பின்மேல் பாற்சோற்றுத் தட்டை ஓங்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவள் திரும்பி நடந்தாள்.