துளசிராமன் மாட்டிய புனல்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த துளசிராமனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது. சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் ஒரு நாளும் ஏறாத அந்த மனிதர், ஷிப்டு முடிந்து அரிசி வாங்க வந்தவர்களிடமே சுரங்கத்தை எப்படித் தோண்டியிருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு, கடைக்குள் பருப்பு புடைத்துக்கொண்டிருக்கும் மனைவி சகுந்தலாவின் காதில்தான் விழும்.

அறுபத்து நாலாம் வருஷம், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போன சிரில் என்ற ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரரிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினார். பங்காருபேட்டையிலிருந்து சரக்கு ஏற்றி வரத்தான். ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற உருண்டை டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இது இஞ்சினோட மூக்கைப் பொத்திக்கினு கீது. எடுத்துட்டா குதிரை மாதிரி ஓடும் பாரு."

"வேல இல்லாமலா அதை வெச்சான் வெள்ளைக்காரன்?" என்றாள் சகுந்தலா.

"அவன் ஊரு குளிருக்கு வெச்சான். உனக்கு இன்னா தெரியும்? உள்ள போ."

தகரக்காரரிடம் சொல்லிப் பெரிய புனல் ஒன்று செய்து அந்த இடத்தில் மாட்டினார். வேன் உறுமியது. கொஞ்சம் வேகமாகவும் ஓடித் தொலைத்தது. கேடு அங்கேதான் பிடித்தது. சத்தத்தையெல்லாம் வேகம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு, மாரிகுப்பம் ரயிலோடு போட்டி போட்டார். ரயிலை முந்திய நாளெல்லாம் கடையில் அதே பேச்சு.

ஆடி பிறந்தது. தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் குவித்திருந்த சயனைட் மேட்டிலிருந்து மாவு மாதிரி வெள்ளை மண் பறந்து வந்து சோற்றில் விழுந்தது, பாயில் படிந்தது.

"தண்ணிப் பானைக்கே துணி கட்டி வெக்கிறோம். நீங்க இஞ்சினோட வாயைப் பொளந்து உட்டிருக்கீங்களே!" என்றாள் சகுந்தலா.

அவர் புனலைத் துடைத்துப் பளபளப்பாக்கினார்.

மகள் பத்மாவைப் பெண் பார்க்கப் பங்காருபேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "ரயிலா? அது எருமை. நானே இட்டாறேன்" என்று கிளம்பிப் போனார். திரும்பும் வழியில் பாதி தூரத்திலேயே வேன் நீலப் புகையாகக் கக்கி, இருமி, நின்றது. பட்டுச்சேலையும் ஜரிகை வேட்டியுமாக வந்தவர்கள் மாட்டு வண்டியில் ஏறி, மூஞ்சியெல்லாம் மண்ணும் கரியுமாக வந்து இறங்கினார்கள்.

இஞ்சினைப் பிரித்த மெக்கானிக், உள்ளே மண் போய் சிலிண்டரை அம்மி மாதிரி தேய்த்துவிட்டது என்றார். துளசிராமன் ஒத்துக்கொள்வாரா? முதலில் பெட்ரோலில் கலப்படம் என்றார். பிறகு சிரில் ஏமாற்றிவிட்டான் என்றார். கடைசியில், மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கனம் என்றார்.

அந்த அம்மாளோ, வந்து இறங்கிய அன்றைக்கே முகத்தைக் கழுவிக்கொண்டு, "பொண்ணு புடிச்சிருக்குது. சம்பந்தியை நெனச்சாதான் யோசனையா கீது" என்றாள்.

"எங்கப்பாவும் அப்ப கொஞ்சம் யோசிச்சிருக்கணும்ங்க" என்றாள் சகுந்தலா, காபியை நீட்டியபடி. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே முடிவானது.

கல்யாணத்துக்குப் பிறகு, ஓடாத வேனில் வெங்காய மூட்டை அடுக்கினார்கள். அடுத்த மாதமே துளசிராமன் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி, பாட்டுக்கும் காற்று வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். சகுந்தலா கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சரக்கு எடுக்கத் தானே ரயிலேறப் போனாள்.