ஒரு முழுத் தூக்கம் தூரம்

செருப்பைக் கழற்றிவிட்டு, பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார் அந்த வீட்டுத் தரகர். காரில் ஓட்டுநர் இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொள்கிறது. ஊருக்கு வெளியே ஒரு வீடு விலைக்கு வந்தால் முதலில் இப்படிப் போய்த் தூங்கிப் பார்த்துவிடுவார். எந்த இடத்தில் தூக்கிப் போடுகிறது, எந்த வளைவில் தலை கண்ணாடியில் இடிக்கிறது என்பதெல்லாம் அவர் கழுத்துக்கு அத்துப்படி.

முன்பு வேறு வித்தை. வீடு பார்க்க வருகிறவர்களை ரயில் நிலையத்திலிருந்து நடத்தியே கூட்டிப் போவார். அவர் எட்டிப் போடும் நடையில் இருபது நிமிட வழி பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். "பக்கம்தான் சார், வந்துட்டோம் பாருங்க" என்பார். கார்கள் தாமாக ஓடத் தொடங்கியதும் ஸ்டேஷன் பக்கத்து வீடுகளைச் சீண்டுவாரில்லை. தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்றால் வீடு எவ்வளவு தள்ளி இருந்தால் என்ன? அவரும் கிலோமீட்டரைக் கைவிட்டார். இப்போது அவரிடம் தூரம் மூன்றே வகை: ஒரு கொட்டாவி, ஒரு குட்டித் தூக்கம், ஒரு முழுத் தூக்கம். சக தரகர்கள் அவருக்குக் 'கொட்டாவி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "எல்லாரும் வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குவாங்க. இவருக்குத் தூங்குறதே வேலை" என்பாள் மனைவி.

போன வாரம் மகள் வந்தாள். அப்பாவைப் பார்க்க அல்ல, தரகரைப் பார்க்க. அவள் குடியிருப்பது அடுத்த தெருவில். தினமும் வேலை விட்டுப் போகும்போது அப்பா வீட்டுக்குள் வந்து, ஒரு டீயைக் குடித்து, அவரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் போவாள். இருக்கிற ஒற்றை அறையில் மூச்சு முட்டுகிறதாம். வாசலில் மரமுள்ள வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். ஒரு முழுத் தூக்கம் தூரம். ரோடு எப்படி என்று கேட்டாள்.

அவர் மூன்று முறை போய் வந்தார். ரோடு வழவழவென்று கிடந்தது. கண்தான் ஒட்டவில்லை.

"எனக்குத் தூக்கம் வரலைம்மா."

"அப்ப ரோடு மோசமா?"

பொய் நாக்கு வரைக்கும் வந்தது. "ரோட்டைக் குறை சொல்ல முடியாது" என்றார்.

"நானே தூங்கிப் பாக்குறேன்ப்பா. தூக்கம் வரலைன்னா பேச்சையே விட்டுடறேன். உங்க பக்கத்துலயே கெடக்கேன், போதுமா?"

இன்று காலை இருவரும் கிளம்பினார்கள். ஊர் எல்லை வரை அவர் எதையாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்: அம்மாவின் மூட்டுவலி, மாப்பிள்ளையின் புது வேலை, மாடியில் ஒழுகும் குழாய். மகளின் பதில்கள் 'ம்' என்று குறுகின. பிறகு அதுவும் நின்றது. தலை மெல்லச் சரிந்து அவர் தோளில் சாய்ந்தது. லேசாக இருமினாலே விழித்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கோழித் தூக்கம்.

கார் ஒரு வளைவில் திரும்ப, வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. புருவம் சுருங்கியது; இமை அசைந்தது. அவர் மடியிலிருந்த ஃபைலை எடுத்து ஜன்னலுக்குக் குறுக்கே பிடித்தார். கை கடுத்ததும், தோள் அசையாமல், மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.